கேமராவை நீ சோதித்த மூன்று நாள்

மாப்ளே,

நேற்று பரணிலிருந்து அந்தக் கேமராப் பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் கருவாட்டு வாடை. பதினேழு வருடமாகியும் போகவில்லை. அடுப்படியிலிருந்தே என் மனைவி, "கருவாடு வாங்கியாந்தீங்களா?" என்றாள். "இல்ல, கேமரா" என்றேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாததா!

பையை இறக்கச் சொன்னது உன் மகள். இப்போது காலேஜில் இரண்டாம் வருடம். லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள். "மாமா, அப்பா போட்டோ நெறைய இருக்கு. பேசுனதுதான் ஒண்ணுமே இல்ல. அப்பா எப்படிப் பேசுவாருன்னு அம்மாவும் சொல்லிச் சொல்லிப் பாக்குது, எனக்குக் காதுல வரமாட்டேங்குது. ஒங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனபோது அவள் நடை பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படிக் காதில் வரும்?

எனக்கு வரும். அறந்தாங்கியிலிருந்து மீமிசலுக்குப் பதினோரு வருடம் நாம் ஒரே வண்டி. நான் டிரைவர், நீ கண்டக்டர். என் கண் ரோட்டில் இருக்கும், உன் குரல் என் முதுகில் இருக்கும். நீ "ரைட்" என்றால் எடுப்பேன், "ஹோல்டான்" என்றால் நிறுத்துவேன். ஏன் எதற்கு என்று திரும்பிப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவன் வீடியோ கேமரா வாங்கும்போது மட்டும் உன்னைக் கேட்காமல் வாங்கிவிட்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டவனுக்குப் பெட்டி மேல் போட்டிருந்த ஜூம் நம்பரைப் பார்த்ததும் தலை கிறுகிறுத்துவிட்டது.

புதுக்கோட்டைக் கடைக்காரர், பிடிக்காவிட்டால் மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தார். அந்த மூன்று நாளையும் நீ எடுத்துக்கொண்டாய்.

முதல் நாள் நான் பெருமையாகப் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்துக் காக்காவை ஜூம் பண்ணிக் காட்டினேன். அதன் மூக்கு தெரிந்தது. நீ பார்த்துவிட்டுச் சொன்னாய்: "காக்காவுக்கா மாப்ள கேமரா வாங்குன? ஒன் புள்ளைய எடு, பாப்போம்." எடுத்தேன். ஜன்னலுக்கு முன்னால் நின்ற என் மகளின் முகம் அடுப்புக்கரி மாதிரி வந்தது. "ஜன்னல் ஒன் முதுகுப் பக்கம் இருக்கணும்டா, புள்ளை முதுகுப் பக்கம் இல்ல" என்று என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாய். முகம் வந்தது.

இரண்டாம் நாள் டியூப்லைட் வெளிச்சம், ஓடுகிற மிக்சி, பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்று எல்லாம் பார்த்தாய். மிக்சிச் சத்தத்துக்கு நடுவிலும் என் மனைவி என்னைத் திட்டுவது கேட்டதில் உனக்குப் பரம திருப்தி.

மூன்றாம் நாள் மீமிசலில் வண்டி ஒரு மணி நேரம் நிற்கும்போது என்னைக் கடற்கரைக்கு இழுத்துப் போனாய். "காத்துல சத்தம் புடிக்குதான்னு பாக்கணும். நீ புடிச்சுக்கிட்டு நில்லு. நான் பேசிக்கிட்டே போறேன், கேக்கலேன்னா கையத் தூக்கு." முதுகைக் காட்டினால் சத்தம் அங்கிட்டுப் போய்விடும் என்று பின்பக்கமாகவே நடந்தாய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. என்ன பேசுவது என்று தெரியாமல் வழக்கமானதையே ஆரம்பித்தாய்.

"அறந்தாங்கி! நாகுடி! கேக்குதா மாப்ள?"

"கேக்குது, போ!"

"கட்டுமாவடி! மணமேல்குடி!"

உனக்குப் பின்னால் ஓர் அம்மா பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. கோட்டைப்பட்டினம் என்று கூவும்போதே நீ கருவாட்டின் மேல் மல்லாக்க விழுந்தாய், பையோடு.

"ஏய்யா, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று அந்த அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தது. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து கருவாட்டைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் குட்டித் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு நீ தீர்ப்புச் சொன்னாய்: "காத்துல தள்ளிப் போனா கேக்காது. வீட்டுக்குள்ள கேக்கும். வீட்டுக்குத்தான வாங்குன? வெச்சுக்க. இந்தக் கண்றாவிய மட்டும் அழிச்சிரு."

வைத்துக்கொண்டேன். நீ சொன்ன மாதிரியே ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தேன். என் மகள் பாடியது, என் அம்மா சிரித்தது எல்லாம் தெளிவாக இருக்கிறது. இதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை. நம் வழக்கத்தில் அது ஏது?

அந்தக் கடற்கரைப் படத்தை அழித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். ஒரு கார்டு நிறைந்தால் இன்னொன்று போடுவேன். ஆனால் இத்தனை வருடத்தில் அது கெட்டுப் போயிருந்தால்? உன் மகள் கார்டை லேப்டாப்பில் செருகினாள்.

திறந்தது. நீ வந்தாய். சட்டைப் பையில் பேனா, இடுப்பில் ஒரு கை, முகம் முழுக்க வெயில். "அறந்தாங்கி! நாகுடி!" அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். காக்கா, மிக்சி எதையும் பார்க்கவில்லை. இதையே திரும்பத் திரும்பப் போட்டாள். நீ விழுந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு அப்படியே உன்னுடையது.

பிறகு கேட்டாள்: "மாமா, விழுந்து கெடக்கும்போது அப்பா ஏதோ சொல்றாரு. வாய் அசையுது. காத்துச் சத்தம்தான் வருது. என்ன சொன்னாரு?"

கேமராவுக்குக் கேட்கவில்லை. நின்றுகொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"அப்பா மாதிரியே சொல்லுங்க மாமா."

பதினோரு வருடத்தில் ஒரு ஸ்டாப்பைக்கூடக் கூவாதவன், ஹாலில் எழுந்து நின்று கூவினேன்: "மீமிசல் வந்துருச்சு! எல்லாம் எறங்குங்க! டிரைவரு மட்டும் அங்கனயே இரு, ஒன்னைய வந்து கவனிச்சுக்கிறேன்!"

அவள் சிரித்தாள், அழுதாள், இன்னொரு தடவை என்றாள். அந்த ஒரு வரி எந்தக் கார்டிலும் இல்லை மாப்ளே, என்னிடம்தான் இருக்கிறது. நேற்று ஐந்து தடவை சொன்னேன். காலையிலிருந்து தொண்டை கட்டிக்கொண்டது. தினம் எட்டு நடை, நீ எப்படித்தான் கத்தினாயோ.