பின் சக்கரத்தில் இருந்த எண்

இன்று காலை மூணாறு டயர் கடைக்குள் நுழைந்ததும் புது ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. என்னை அறியாமலே குத்தவைத்து உட்கார்ந்து டயரின் பக்கவாட்டு எழுத்தைப் படிக்கத் தொடங்கினேன். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்ததால் மூக்கு ரப்பரில் இடித்தது. "என்னண்ணே, டயருக்கு முத்தமா?" என்றார் கடைக்காரர்.

உன்னை நான் கேட்ட கேள்விதான் அது. நம் ஜீப் ஸ்டாண்டில் உனக்கு 'டயர் ஜோசியர்' என்று பேர் வைத்ததே நான்தானே. நாங்களெல்லாம் டயர் மேல்வெட்டின் பட்டன் ஆழம் பார்த்து, காலால் ஓர் உதை விட்டு டயர் வாங்குகிறவர்கள். நீ மட்டும் அளவுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் சின்ன எண்ணைத் தேடுவாய்.

"மாப்ள, இதுல தொண்ணூத்தொண்ணுன்னு போட்டிருக்கான். ஒரு டயரு அறுநூத்திப் பதினஞ்சு கிலோதான் தாங்கும். இது காருக்குடா. நம்ம வண்டிக்கு நூறு போட்டது வேணும். அது எண்ணூறு கிலோ தாங்கும்."

"நாலு டயரு இருக்குல்ல ஜோசியரே, கூட்டிப் பாரும்."

"ஏத்தத்துல பாரம் பூராம் பின்னாடி ரெண்டுலதான்டா உக்காரும்."

அந்தக் கார் டயர் ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்தது, பளபளப்பாகவும் இருந்தது. வாங்கிப் பின்னால் மாட்டிவிட்டேன். ஸ்டாண்டே சிரித்தது, நீயும் சிரித்தாய்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த அன்று காலையில் உன் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மூணாறுக்குப் புறப்பட, நான்கு மூட்டை கேரட்டோடு என் வண்டி நின்றது. வட்டவடையில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வீட்டோடு ஏறுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? ஏறாதவர்களை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். உன் மனைவியின் அண்ணன், பெண்டாட்டி பிள்ளைகளோடும் கஞ்சித் தூக்கோடும் ஏறினார். மொத்தம் பன்னிரண்டு பேர். நமக்கு எடை என்றாலே மூட்டைக் கணக்குதான். மனிதர்களை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

பின் சீட்டில் படுத்தபடி நீ முனகினாய்: "மாப்ள, மூட்டைய எறக்குடா."

"போற வழிதான, மூணாறுல எறக்கிக்கலாம்" என்றேன்.

பாம்பாடும் சோலை ஏற்றத்தில் பின் டயர் வெடித்தது. வேறு ஜீப் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் டீக்கடையில் பேச்சு வந்தது, டயர் ஏன் வெடித்தது என்று. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாயா சும்மா இருக்கும்? "ஜோசியரு மச்சான் ஒருத்தரே ஒன்றரை மூட்டை. அவரு ஏறுன அன்னைக்கே டயருக்கு விதி முடிஞ்சுது" என்றேன். கடை குலுங்கிச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. நான் வைத்த பேர்களிலேயே நன்றாக ஓடியது அந்த 'ஒன்றரை மூட்டை'தான். ஒரு வருஷமாக அந்த மனிதர் ஸ்டாண்டுப் பக்கமே வரவில்லை. நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

இன்று நூறு என்று போட்ட டயர் நான்கையும் மாட்டிக்கொண்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முற்றத்தில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணைச் சொன்னேன். நீ எச்சரித்ததைச் சொன்னேன். மூட்டையை இறக்கச் சொல்லி நீ கேட்டதையும் சொன்னேன்.

அவள் பூண்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப எங்கண்ணனால இல்லையா?"

"இல்ல தங்கச்சி. என்னாலதான்."

"அவுக ஏறுனதாலதான்னு நெனச்சு ஒரு வருசமா அந்த வாசல்ல நான் கால் வைக்கலண்ணே. வருசத் தெவசத்துக்கு மக வந்தப்பக்கூட அவுகள கூப்பிடல. வந்து வாசல்ல நின்னாக. கதவச் சாத்திட்டேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"ஏறு தங்கச்சி, கொண்டுபோய் விடுறேன்."

"வேணாம்ணே. நடந்தே போயிக்கிறேன்."

அவள் அண்ணன் வீடு மேட்டில், இரண்டு கிலோமீட்டர். மனம் கேட்காமல் முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்தேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்குகிற நான்கு டயர்கள், மாப்ள. வண்டியில் நான் ஒருத்தன்தான் இருந்தேன்.