ஐந்தாவது பெயர்

ஏப்ரல் 18

ஹாரியோங் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பெண்கள் கூடைப்பந்து லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுப்பவள் இனி எங்கள் அணியில். அலுவலகத்தில் கோழி வறுவல் வரவழைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அவளை இழந்த கங்நுங் அணி, விதிப்படி, பதிலுக்கு எங்களிடமிருந்து ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேரைத் தொடக்கூடாது என்று நாங்கள் எழுதிக் கொடுக்கலாம். மற்றவர்களில் யாரைக் கேட்டாலும் அனுப்பியாக வேண்டும். போகமாட்டேன் என்று சொல்ல ஆட்டக்காரிக்கு வழியில்லை.

பொது மேலாளர் தாக், கையில் கோழிக்காலோடு ஐந்து பெயர் சொன்னார். எல்லாம் புள்ளி எடுக்கிறவர்கள். தடுப்பாட்டக்காரி சொன்ஜு இல்லை.

"அவளை எவன் கேக்கப்போறான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் — ஏன் சிரித்தேன்?

ஏப்ரல் 20

கங்நுங் கேட்கும். இத்தனை வருஷமாக அவர்களைக் கட்டிப்போட்டதே சொன்ஜுதானே.

நாள் முழுக்கப் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வயது. ஓர் ஆட்டத்துக்கு மூன்று புள்ளி எடுத்தால் பெரிது. பந்தைப் பறிப்பதுகூடக் குறைவு. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். எதிரணிக்காரி பந்தைத் தூக்குகிறாள், சொன்ஜு நிற்பதைப் பார்க்கிறாள், வேறு பக்கம் வீசுகிறாள். வீசாமல் விட்ட பந்தை யார் எண்ணுகிறார்கள்?

எண்ணிப் பார்த்தேன். எதிரணி நூறு முறை பந்தோடு வந்தால், அவள் களத்தில் இருக்கும்போது ஒன்பது புள்ளி குறைவாக எடுக்கிறது. ஒன்பது புள்ளி எடுக்கிறவளின் படத்தை இங்கே பஸ்ஸில் ஒட்டுகிறார்கள்.

எங்கள் புள்ளிவிவரப் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். "நல்லாத்தாம்மா இருக்கு யேசொல். ஆனா மேலாளர் பேரு சொல்லிட்டாரே. அதுக்கப்புறம் யாரு வாயத் திறக்கிறது?"

ஏப்ரல் 21

அம்மா, சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து போன். "காலேஜ் முடிச்சிட்டு, வீசாத பந்தை எண்றியா? இதப் பக்கத்துல உக்காந்திருக்கறவகிட்ட எப்படிடீ சொல்வேன்?"

ஏப்ரல் 22

மதியம் உணவுக்கூடத்தில் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்திருந்தேன். காவுல் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். இருபது வயது, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், புது ஆட்டக்காரிகள் தேர்வில் முதல் சுற்றில் நாங்கள் எடுத்த பெண். ரசிகர்களுக்கு அவள் என்றால் உயிர்.

"அக்கா, சுவத்தோட பேசி முடிச்சாச்சுன்னா என்னோடயும் ரெண்டு வார்த்தை பேசுங்க."

தன் முட்டைச் சுருளை எடுத்து என் சோற்றின்மேல் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அஞ்சு பேர்ல நான் இருக்கேன்ல?"

"இருக்கே."

இன்றைக்கு அது உண்மை.

ஏப்ரல் 24

பேசிவிட்டேன். ஐயோ.

பதவி வரிசைப்படி உட்காருவோம். என் நாற்காலி கதவை ஒட்டி. "வேற ஒண்ணுமில்லையே?" என்றார் தாக். அது கேள்வி இல்லை, எழுந்து போகலாம் என்று அர்த்தம். நான் எழுந்தேன். போகவில்லை. யாருடைய குரலோ என் தொண்டையிலிருந்து வந்தது — சொன்ஜு, ஒன்பது புள்ளி, வீசாத பந்து, எல்லாம்.

பயிற்சியாளர் யொம் அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "பொண்ணு சொல்றது சரி. சொன்ஜு போயிட்டா, ஹாரியோங் இந்தப் பக்கம் எடுக்கிறதெல்லாம் அந்தப் பக்கம் ஒழுகிடும்."

தாக் என்னையே பார்த்தார். "சரிம்மா. சேத்துக்கறேன். இடம் அஞ்சுதான். அதுல யாரைத் தூக்கணும்? நீயே சொல்லு."

இதை நான் யோசிக்கவில்லை. இல்லை, பொய். யோசித்திருந்தேன். அந்த ஐவரில் ஒருத்தி எடுப்பதைவிட அவள் பக்கம் நாங்கள் விட்டுக்கொடுக்கும் புள்ளி அதிகம். எப்படிக் கூட்டினாலும் அவள்தான் கடைசியில் வருகிறாள்.

தலைவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார்.

"காவுல்," என்றேன்.

"படிச்ச பொண்ணு!" என்றார் தாக். பாராட்டா, குத்தலா? தெரியவில்லை.

ஏப்ரல் 28

கங்நுங் காவுலை எடுத்துக்கொண்டது.

ஏப்ரல் 29

பெட்டியோடு எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு என் மேசைக்கும் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "பரவால்லக்கா. உங்களுக்கும் கடைசி நேரத்துலதான் தெரிஞ்சிருக்கும்."

தலையாட்டினேன். தலையாட்டினேனே! நான்தான் சொன்னேன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்? அத்தனை பேர் முன்னால வந்த வாய், இவ முன்னால எங்க போச்சு?

நவம்பர் 19

புது சீசனில் ஐந்தாவது வெற்றி. சொன்ஜு எடுத்தது இரண்டே புள்ளி. உணவுக்கூடத்தில் தாக் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "இங்க வா, எழுத்தாளம்மா," என்கிறார். நான் எழுதுவது எண்கள்தான் என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன். தட்டிலிருந்த முட்டைச் சுருளை ஓரமாக ஒதுக்கினேன்.

டிசம்பர் 7

கங்நுங்கில் ஆட்டம். தோற்றோம், மூன்று புள்ளியில்.

காவுலை முதலில் களத்தில் இறக்கவில்லை. இரண்டாம் பாதியில் எழுப்பி, ஹாரியோங்கை மறிக்க விட்டார்கள். காவுலையா! எங்கள் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. எங்கள் பெண்கள் பந்தைத் தூக்குவார்கள், ஹாரியோங் பக்கம் பார்ப்பார்கள், வேறு யாருக்காவது வீசுவார்கள்.

சொன்ஜு மூச்சு வாங்கப் பெஞ்சுக்கு வந்தவள் துண்டைக் கடித்துக்கொண்டு, "திருடி! கால் வைக்கிறதைப் பாரு, அப்படியே நான்!" என்றாள். "ரெண்டு வருஷம் பயிற்சியில தினமும் அவளைத்தானே மறிச்சேன். அழ அழ மறிச்சேன்."

பயிற்சியை நான் எண்ணியதே இல்லை. ஆட்டங்களை மட்டும்தான்.

முடிந்தபின் நடைவழியில் காவுலுக்காக நின்றேன். முழங்காலில் பனிக்கட்டி கட்டி வந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல், "உன் பேரைச் சொன்னது நான்தான்," என்றேன்.

"தெரியும். வந்த முதல் வாரமே இங்க சொல்லிட்டாங்க."

அவர்களை விடுதிக்குக் கொண்டுபோகும் பஸ் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை.

"இன்னிக்கு என் கணக்கு எவ்ளோ?"

"ஒரு பாதிதான், அதை வச்சு எதுவும்..."

"எவ்ளோ?"

"சொன்ஜு தடுக்கிறதைவிட ரெண்டு புள்ளி மேல."

பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.