பதில் வராதவர்கள்

அன்புத் தம்பிக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். உன் விடுதிக்குள் வெளியாட்களை விடுவதில்லை. இதை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவேன்.

உன்னைப் போன்ற தொற்றுநோய் வார்டு நர்சுகளுக்குத் தினமும் போனில் வரும் கேள்விகளை எங்கள் அலுவலகம்தான் அனுப்புகிறது. பதில்களை வைத்து, யார் மனம் உடையப்போகிறது என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணிக்கும். ஒருவர் பெயருக்கு நேரே அது சிவப்பு காட்டினால் மனநல மருத்துவர் அறைக்கே வந்து கதவைத் தட்டுவார். "தூங்கினியான்னு கேக்கறதுக்கு ஒரு மெஷினா அக்கா?" என்று சிரித்தாய். அதன்பின் நீ பதிலே தருவதில்லை என்று பக்கத்து அறை நண்பன் சொல்கிறான். சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம்.

இன்று அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் சொன்னார்: "பதில் வராதவங்களை எல்லாம் கணக்குலேர்ந்து எடுத்தாச்சு மேடம். இப்பதான் கணிப்பு சரியா வருது."

"அதுல என் தம்பி இருக்கான்."

"நமக்கு எல்லாம் நம்பர்தானே மேடம். யாரு எவருன்னு தெரியக்கூடாதே."

உன் மேலதிகாரியிடமும் பேசினேன். சிவப்பு வந்தால் சொல்லுங்கள் என்றார். கணக்கிலேயே இல்லாதவனுக்குச் சிவப்பு எப்படி வரும்?

அம்மாவிடம் நீ நன்றாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாலையில் கேள்விகள் வரும். உள்ளதை எழுது, கண்ணா. முடியாவிட்டால் எதையாவது அழுத்து. நீ இருக்கிறாய் என்றாவது அந்த மெஷினுக்குத் தெரியட்டும்.

உன் அக்கா