மாலையோடு இறங்க வேண்டிய வாசல்

எதிர் வீட்டுக்காரர் மாடி எடுக்கிறார். நேற்று கான்கிரீட் போட்டு முடித்தார்கள். இன்று காலையில் மேலே பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஈரச் சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியாக என் காப்பி டம்ளர் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதற்கு அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் குடத்தோடு.

ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று தெரு முழுக்கக் காத்துக் கிடந்த கோடை அது. குடிக்கவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் லாரித் தண்ணீர் சொல்லி, புதிதாகக் கான்கிரீட் போட்ட நம் மாடிக்கு ஏற்றினீர்கள். நான் கத்தியதற்கு, "நம்ம குடிக்கிறதக் கொறச்சாலும் கான்கிரீட்டுக்குக் கொறைக்கக் கூடாது, வெடிச்சிரும்" என்றீர்கள். கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் பத்து மணிக்கு டீயும் பன்னும் உங்கள் கையாலேயே வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களைப் போல ஒரு வீட்டுக்காரர் கிடையாது என்று அவர்கள் சொன்னதைச் சாப்பிடும்போது என்னிடம் மூன்று தடவை சொல்லியிருப்பீர்கள். அந்த டீயும் பன்னும்கூட யாரிடம் வாங்கிய பணத்தில் வந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இப்போது நான் இருப்பது நீங்கள் பார்க்காத வீடு. வாடகை வீடு. ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. நம் வீட்டை விற்றுவிட்டேன். இதை உங்களிடம் நேராகச் சொல்லத்தான் இவ்வளவு நாளாக மனசு வரவில்லை. இன்றைக்கு அந்த வாசனை வந்து என்னை உட்கார வைத்துவிட்டது.

கீழ் வீட்டைப் பற்றி எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அது என் ஆபீஸ் கடனில் கட்டியது. நான் டைப் அடித்த விரல்கள் கட்டிய வீடு என்று நீங்களே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். சம்பளத்தில் பிடித்தது போக மீதியில் குடும்பம் நடந்தது, உமாவைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்தோம். அதோடு நின்றிருக்கலாம். நான் ஓய்வு பெற ஐந்தாறு வருடம் இருக்கும்போது உங்களுக்கு மாடி ஆசை வந்தது. மாடிகூடப் பரவாயில்லை. அந்த போர்ட்டிகோ!

"நமக்கென்ன காரா இருக்கு, இம்புட்டு ஒசரத்துல போர்ட்டிகோ எதுக்கு?" என்று கேட்டேன்.

"காருக்கில்ல, ஒனக்கு" என்றீர்கள். "ஆபீஸரம்மா ரிட்டயர் ஆகுற அன்னைக்கு மாலையும் கழுத்துமாக் கொண்டாந்து விடுவாகள்ல. வேனு வெயில்ல நிக்கலாமா? உள்ள வந்து நிக்கணும். நீ நம்ம சொந்த வாசல்ல எறங்கணும்."

டைப்பிஸ்டை ஆபீஸரம்மா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் நீங்கள்தான். எங்கள் ஆபீஸில் யார் ஓய்வு பெற்றாலும் கடைசி நாள் சாயங்காலம் மொத்தப் பேரும் வேன் பிடித்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டு, காப்பி பலகாரம் சாப்பிட்டு வருவோம். நீங்களும் ஒவ்வொரு தடவையும் எங்களோடு தொற்றிக்கொள்வீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வீட்டு வாசல் எப்படி இருந்தது, எத்தனை பேர் நிற்க இடம் இருந்தது என்பதுதான் உங்கள் பேச்சு. எனக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் நீங்கள் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

என் சம்பளச் சீட்டைக் காட்டி பேங்கில் ஒரு கடன். என் வளையலும் சங்கிலியும் இன்னொரு இடத்தில் அடகு. அதுவும் பற்றாமல் பைனான்ஸ். காலண்டருக்கும் பட்டாசுக்கும் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுக்குக் கமிஷன் சீசன் முடிந்துதான் கைக்கு வரும். அதனால் நம் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் இருந்தது, "தீபாவளி கழியட்டும்." இந்த ஊரே அப்படித்தான் பேசுகிறது, மளிகைக் கடை முதல் கல்யாண மண்டபம் வரைக்கும். ஆனால் ஊரில் மற்றவர்களுக்குத் தீபாவளி கழிந்தது. நமக்குத்தான் கழியவே இல்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் நீங்கள் பிடித்துக் கொடுத்த பெரிய ஆர்டருக்குப் பணம் தராமல் கடையை மூடிவிட்டார். அந்த வருடக் கமிஷன் அதில் போயிற்று. மாடி அப்படியே நின்றது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, பூச்சு இல்லை. வாடகைக்கு விடலாம் என்றால் புறாவைத் தவிர யாரும் குடிவர மாட்டார்கள். போர்ட்டிகோவை மட்டும் பூசி, வெள்ளையடித்து, விளக்கும் மாட்டி வைத்தீர்கள்!

அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்த ஆடி மாதக் கடைசியில் சாத்தூருக்கு ஆர்டர் பிடிக்கப் போனவர், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஆல்பம் பையை மடியில் வைத்தபடியே சாய்ந்துவிட்டீர்கள். உமா ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலித்ததா, யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதை நினைத்து அழுவதற்குக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் பைனான்ஸ்காரர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி போனது எங்களுக்கெல்லாம் பெரிய எழப்பு மதினி" என்றார். தொண்டையைச் செருமினார். "இப்பக் கேக்கணும்னு இல்ல. ஒங்க காதுல போட்டு வைக்கிறேன்."

"எம்புட்டு?" என்றேன்.

அவர் சொன்ன தொகையைக் கேட்டு, அது அசலும் வட்டியும் சேர்த்தா என்று கேட்டேன். அசல் மட்டும்தான் என்றார். அவர் எழுந்து போனதும் இன்னொருவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நீங்கள் என்னிடம் சொல்லியிருந்தது பேங்கும் நகையும் பைனான்ஸும். அன்றைக்கு வந்தவர்கள் அதற்கு மேலேயும் இருந்தார்கள். வட்டி கட்டுவதற்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். அத்தனை பேர் முன்னாலும் தலையை ஆட்டி ஆட்டி உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். உமா வந்து வாயைப் பொத்தினாள்.

வீட்டை விற்றுவிடலாம் என்று அவள் அப்போதே சொன்னாள். கணக்கு சின்னக் குழந்தைக்கும் புரியும். வீட்டை வைத்துக்கொண்டால் நான் ஓய்வு பெறும்போது வருகிற மொத்தப் பணமும் கடன்காரர்களுக்குப் போகும். அதற்குப் பிறகும் பேங்கு பாக்கி நிற்கும், பென்ஷனில் பாதியை அது தின்னும். வீட்டைக் கொடுத்தால் கடன் தீரும், ஓய்வுப் பணம் என் கையில் நிற்கும். எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சண்டை போட்டேன்.

"ரிட்டயர் ஆகுற அன்னைக்கு நான் எங்க வந்து எறங்குறது?"

"ஒரு நாளு எறங்குறதுக்கு வருசம் பூரா வட்டி கட்டுவியாம்மா நீ?"

கட்டினேன். இரண்டு வருடம் கட்டினேன். நீங்கள் போன பிறகும் நீங்கள் போட்ட திட்டத்தைத் தூக்கிச் சுமந்தேன். காலையில் ஒரு சமையல், ராத்திரிக்கும் அதுவே. ஆபீஸுக்கு நடந்தே போய் நடந்தே வந்தேன். சம்பளம் வாங்குகிற அன்றைக்கே அது கையை விட்டுப் போய்விடும். எத்தனை கட்டியும் அசல் அசையவில்லை. அந்த போர்ட்டிகோ விளக்கை ஒரு நாளும் போட்டதில்லை, கரண்டு பில்லுக்குப் பயந்து.

இந்த வருடப் பொங்கல் கழிந்து எங்கள் ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றார். நல்ல மனிதர், அவருக்கும் வீட்டுக் கடன் உண்டு என்று ஆபீஸுக்கே தெரியும். வழக்கம்போல வேனில் கொண்டுபோய் விட்டோம். மாலையோடு இறங்கியவர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். வாசலில், அவருடைய மனைவிக்கும் முன்னால், கையில் பொன்னாடையோடு நின்றிருந்தார் நம் பைனான்ஸ்காரர். அவரே விரித்து, அவரே போர்த்தினார். போட்டோவுக்கும் நின்றார். ஹெட் கிளார்க்கின் மனைவி தட்டில் கொண்டுவந்த முதல் காப்பியை அவர்தான் எடுத்துக்கொண்டார். ஓய்வுப் பணம் வருகிற வீட்டுக்கு அவர் எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுவாராம்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "மதினி, அடுத்து நீங்கதான? சூன் மாசக் கடைசின்னாக. நானும் கரெக்டா வந்துருவேன்."

காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து போர்ட்டிகோவில் நின்று பார்த்தேன். நீங்கள் வேனுக்காகப் பார்த்துப் பார்த்து எழுப்பிய இடம். அதில் யார் நிற்கப் போகிறார் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு சாயங்காலத்துக்காகவா இரண்டு வருடம் பட்டினிக்குப் பக்கத்தில் கிடந்தேன் என்று எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது. உங்கள் மேல் வந்தது அதைவிட அதிகம். உமாவுக்குப் போன் போட்டு, ஆள் பார்க்கச் சொன்னேன்.

வாங்க வந்தவர் பக்கத்துத் தெரு பிரஸ்காரர். பேப்பர் வைக்க குடோனாக வேண்டுமாம். சுற்றிப் பார்த்தார். மாடி மொட்டையாக நிற்கிறது என்று விலையைக் குறைத்தார். சரி, போர்ட்டிகோவாவது நன்றாக இருக்கிறதே என்றேன்.

"அதுக்கெல்லாம் வெல கெடையாது மதினி. லோடு லாரி இன்னும் ஒசரமா வரும். அத இடிச்சாத்தான் உள்ளயே வர முடியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்து உமாவைப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் அந்த மனிதரோடு மல்லுக்கு நின்றிருப்பீர்கள். நான் சிரித்து முடித்து, முன்பணம் வாங்கிக்கொண்டேன். பத்திரம் முடிந்த அந்த வாரத்திலேயே பேங்கு, அடகுக் கடை, பைனான்ஸ், மற்றவர்கள் என்று எல்லோரையும் முடித்தேன். சங்கிலி திரும்பி வந்தது. வளையலை அதற்கு முன்பே ஏலத்தில் விட்டிருந்தார்கள். இந்த வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தது போக வீட்டுப் பணத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

ஜூன் கடைசி நாள் வந்தது. எனக்குப் பூமாலை போடலாமா, சந்தன மாலை போதுமா என்று ஆபீஸில் எனக்குத் தெரியாமல் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. புருஷன் இல்லாதவள் அல்லவா. புதிதாக வந்த செல்வி என்ற சின்னப் பெண், "அக்கா முப்பது வருசத்துக்கு மேல வேல பாத்துருக்காக, அதுக்குத்தான மால" என்று சொல்லிவிட்டு, அவளே போய் கெட்டி ரோஜா மாலை வாங்கி வந்துவிட்டாள். கனமான மாலை. கழுத்தில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கியது.

வேன் நம் பழைய தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. டிரைவருக்கு நம் பழைய வீடு தெரியும், அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்தார். நிற்காமல் போகச் சொன்னேன். போர்ட்டிகோவை இடித்துவிட்டிருந்தார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உங்கள் கையை நசுக்கியிருப்பேன், அன்பினாலா ஆத்திரத்தினாலா என்று தெரியவில்லை.

இந்தச் சந்துக்குள் வேன் வராது. முனையிலேயே இறங்கி, மாலையோடு நடந்தேன். பின்னால் மொத்த ஆபீஸும் நடந்து வந்தது. தெருவில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து பார்த்தார்கள். ஒரு பெண் "கல்யாணமா?" என்று கேட்டாள். "ரிட்டயர்மெண்டு" என்று செல்வி சத்தமாகச் சொன்னாள். வாசலில் உமாவும் மாப்பிள்ளையும் மட்டும்தான் நின்றிருந்தார்கள். பொன்னாடையோடு யாரும் இல்லை. உட்கார இடம் போதாமல் பாதிப் பேர் சந்திலேயே நின்று சாத்தூர்ச் சேவும் காப்பியும் சாப்பிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு உமா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா படத்துக்குப் போட்டுருவோம்மா, ஆசப்பட்டாகள்ல" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆசைப்பட்டது நீங்கள்தான், எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஆன செலவு முழுவதும் நான் கட்டியது. அது எனக்குப் போட்ட மாலை. என் நாற்காலி முதுகிலேயே கிடந்து காய்ந்தது.

உங்களுக்குக் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் ஒரு முழம் பூ வாங்கிப் போடுகிறேன். இங்கே வருகிற பூக்காரம்மா நல்லவள், "மாசக் கடைசியில மொத்தமாக் குடுங்கக்கா, எங்க போயிரப் போறீக" என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றன்றைக்குக் காசு கொடுத்துத்தான் வாங்குவேன். கையில் சில்லறை இல்லாத அன்றைக்கு உங்களுக்குப் பூ கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குச் சில்லறை இல்லை.