மூன்றாம் ஓலைக்கு முந்தைய காலை

அருமனை,
புதன், காலை.

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

இல்லை, கொடுக்கவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை. உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆமாம், பதிவாகியிருக்கிறது. எங்கள் கேட் கேமராவில் உங்கள் கேட் முழுதாகத் தெரியும். எதிர்வீடு என்றால் அப்படித்தான்.

உன் கடிதம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. போனில் கூப்பிடாதது நல்லது. நீ போன அன்றே உன் அண்ணன் அனிஷ் வந்து, கூட்டுக்காரி கூப்பிட்டாளா என்று கேட்டு என் போனுக்குக் கை நீட்டினான். நானும் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் கொடுத்தேன். இருந்தாலும் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

லேபில் வேலை கிடைத்ததாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இங்கே மழை விடவில்லை. ரப்பர் ஷீட் காயாமல் புகை அறையில் தொங்குகிறது. அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கொட்டகையில் ரப்பர் ஷீட் இரண்டு முறை களவு போனதும் அப்பா கேமரா வைத்தார், நினைவிருக்கும். மார்த்தாண்டத்திலிருந்து கேமரா மாட்ட வந்த ஷாஜன், எல்லாவற்றையும் கம்பெனி ஆப்பில் இணைத்துவிடலாம், போனிலேயே பார்க்கலாம் என்றார். பாஸ்வேர்டும் அவரே போட்டுத் தருவாராம். வேண்டாம் என்றேன். எங்கள் வாசல் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். என் பழைய லேப்டாப்பைத் துடைத்து அதைச் சர்வர் ஆக்கினேன். கேமரா பார்ப்பதெல்லாம் வயர் வழியாக அதற்குள் வந்து விழும். பதினைந்து நாள் இருக்கும். பிறகு பழையதன் மேல் புதியது ஏறிக்கொள்ளும். மூன்று முறை எல்லாம் நின்றுபோனது. ஏட்டி, ஷீட்டு களவு போறதைப் பாக்கதுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியே களவு போனா எதுல பாப்ப என்று அப்பா கேட்டார். நீ அன்று வந்திருந்தாய். விக்கல் வரும்வரை சிரித்தாய்.

நீ மேஜர், எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய், தாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். எனவே அனிஷ் கேமராக்களைத் தேடினான். ஜங்ஷன் பக்கம் உள்ள நாலு வீட்டுப் படத்தையும் ஷாஜன் தன் போனிலேயே எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்கக்கூட இல்லை. நாலிலும் நீ இல்லை. ஒன்றில் மட்டும், மழைக்குள் கலங்கலாக ஒரு பைக். பின்னால் ஏதோ உருவம். போதுமே. பிளஸ்ஸி ஒருத்தனோடு பைக்கில் போனாள் என்று மாலைக்குள் தெரு முழுக்க ஆகிவிட்டது. அது பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிற முத்துநாயகம். ஆறு வருடமாக அதே நேரத்துக்குப் போகிறார்.

பிறகு எங்கள் வீடு. அனிஷும் உன் அப்பாவும் ஷாஜனும். மத்த வீட்டுல அஞ்சு நிமிசம் ஆகல்ல, இங்கதான் ஒரு விஞ்ஞானி இருக்காளே என்றார் ஷாஜன். கரண்டு போயிருந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

இருக்கு, தர மாட்டேன் என்றேன்.

ஒண்ணும் இல்லாட்டி எதுக்கு மறைக்க என்று அனிஷ் கத்தினான். மறைக்கல்ல, இருக்குன்னு சொல்லிட்டேன்லா என்றேன். செருப்பைப் போடுவதற்கே உன் அப்பாவுக்கு வெகுநேரம் ஆனது. வெள்ளிக்கிழமை ஷாஜனோடு வந்து பெட்டியையே கழற்றிக்கொண்டு போவதாக அனிஷ் சொல்லிவிட்டுப் போனான். அவர்கள் போனதும் அப்பா சொன்னார், அயல் வேணும் மக்கா, நாளைக்கு நமக்கு ஒண்ணு வந்தா யாரு வருவா என்று. அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அது போதவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். கொடுக்கலாமா என்று ஒரு இரவு யோசித்தேன். முதல் பத்து நொடியை மட்டும் வெட்டி. நீ தனியாகத்தான் போனாய் என்று தெரியும். பைக் கதை செத்துவிடும். பிறகு தோன்றியது: தனியாகப் போனவள் நல்லவள் என்று சான்றிதழ் கொடுக்க நான் யார்? நாளை ஒருத்தி ஒருவனோடு போவாள். அவளுக்கு எதைக் காட்டுவது? மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உன் கல்யாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று இரண்டு முறையும் சபையைக் கேட்டார்கள். மணப்பெண்ணைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள். மூன்றாம் ஓலைக்கு முந்தைய காலை நீ பதில் சொன்னாய். கால்களால். அதற்கு என்னுடைய வீடியோ எதற்கு?

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

போன சனிக்கு முந்தைய சனி, காலை 5:12. தூறல். அந்த நேரத்தில் எங்கள் கேமராவுக்கு எல்லாம் கறுப்பு வெள்ளை. நீ வருகிறாய். தோளில் பை, கையில் செருப்பு. கேட்டின் கொண்டியைத் தூக்குகிறாய். சத்தம் வருமென்று திரும்பப் போடவில்லை. அப்படியே விட்டுவிட்டு இடது பக்கம், மலைப் பாதையில். எல்லோரும் மார்த்தாண்டம் பஸ் நிலையத்திலும் நாகர்கோவில் ரயிலடியிலும் உன்னைத் தேடினார்கள். எல்லை தாண்டுகிற பஸ்ஸை ஒருவரும் நினைக்கவில்லை.

5:15. உன் அம்மா.

மழைக்குத் தலையில் போட்ட துவர்த்துத் துண்டு. ஓடி வரவில்லை, கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து, இடது பக்கம் பார்த்து நிற்கிறார்கள். சரியாக இடது பக்கம். எட்டு நிமிடம். பிறகு உள்ளே வந்து, நீ திறந்துவிட்டுப் போன கொண்டியைப் போடுகிறார்கள். 5:24க்கு வாசலில் யாரும் இல்லை. ஏழரைக்குத்தான் உன்னைக் காணவில்லை என்று அவர்கள் அலறியது. நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

இடையில் இரண்டு மணி நேரம், பிளஸ்ஸி. உன் பஸ் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். உனக்கு முன்பே போட்டவர்கள் இருக்கிறார்கள்.

திங்களன்று அப்பா கடைக்குப் போன நேரம் உன் அம்மா வந்தார்கள். அதுல என்ன எல்லாம் தெரியும் மக்களே என்று கேட்டார்கள். உங்க கேட்டு தெரியும் சித்தி, மொத்தமா தெரியும் என்றேன். ஒருக்கா காட்டு என்றார்கள். காட்டினேன். நீ படத்தை விட்டுப் போனதும் மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடி. நாலாவது முறை நான் நிறுத்தாமல் விட்டுவிட்டேன். அவர்களே வருகிற இடம் வந்தது. போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேட்டு தொறந்து கெடந்தா நாய் உள்ள கேறும்லா, அதான் போட்டேன் என்றார்கள். ஆமா சித்தி, கேறும் என்றேன்.

நீ எங்கே என்று கேட்கவில்லை. இது எப்ப அழியும் என்று மட்டும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தானாகவே என்றேன். அவன் வெள்ளிக்கிழமை வருவான்லா என்றார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்கள்.

அழித்துவிடு என்று நீ எழுதியிருந்தாய். இத்தனை நாள் அழிக்கவில்லை. அம்மா வாசலில் நின்றதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி என்று நினைத்தேன். இப்போது அது, எழுத்தாக, உன்னிடமும் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் ஞாயிறு வரை தள்ளிப்போட்டு, தானாகவே போய்விட்டது என்று கையை விரிக்கலாம். அது எனக்கு வேண்டாம். நான் செய்ததாகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அனிஷ் வந்தால், அழித்தேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். போனைக் கொடுத்த கை இது. ஒரு தடவை போதும்.

வீட்டு முகவரிக்கு எழுதாதே, தபால்காரரிடம் வாங்கி அனிஷ் பிரிப்பான். கல்லூரிக்கு எழுது. எனக்கு எழுதுகிற கடிதத்துக்குள் இன்னொரு தாளை மடித்து வை. அதில் இரண்டு வரி போதும், என்ன சாப்பிட்டாய், எங்கே படுக்கிறாய் என்று. சித்திக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வராது. நான் வாசித்துக் காட்டுகிறேன். இதைக் கேட்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. வீடியோவைவிட இது ஆபத்து.

நன்றாக இரு. அங்கே கதவைச் சத்தமாகவே திற, சத்தமாகவே சாத்து.

உன்,
ஆதிரா

பி.கு. மணி பதினொன்று. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் அழித்துவிட்டேன். பிறகு ஏணி போட்டு ஏறி, கேட் கேமராவை எங்கள் கொட்டகைப் பக்கம் திருப்பினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடக்கிறேன்.