வெந்நீரில் கரைத்த பொடி

ஐப்பசி 14, செவ்வாய்.

இன்றும் கோழி ஷெட்டில் செருப்பு தரையோடு ஒட்டியது. கீழே பரப்பிய உமி முழுக்க ஈரம், எச்சம் களி மாதிரி. வாடை கண்ணை எரித்தது. குஞ்சுகள் தின்கின்றன, எடை மட்டும் ஏறவில்லை.

மக்காச்சோளம் கிடைக்காததால் இந்த முறை கோதுமைக் குருணை. அது குஞ்சுக்குச் செரிக்க என்சைம் பொடி கலக்கச் சொன்னார் கடைக்காரர். ஒரகடத்தில் எட்டு வருஷமாகக் கம்பெனியில், பெயின்ட் பொடியை இரும்பில் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் லைனில் நிற்கிறேன். எந்தப் பொடியும் சூட்டில்தான் பிடிக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கொதிக்கிற தண்ணீரில் கரைத்துத் தீவனத்தின் மேல் தெளித்தேன்.

சாயங்காலம் தேவி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாங்க, சூடு பட்டா வேலை செய்யாதுன்னு போட்டுகீதே. படிக்கலியா நீங்க?"

அவள் அண்ணனுக்கும் இதே வழியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். பென்னலூரில் அவருடைய ஷெட் என்னுடையதைப் போல மூன்று மடங்கு. கம்பெனி வேலையை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பியிருக்கிறார்.

உடனே போன் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"மாப்ள, நீ சொன்னா மாதிரியே வெந்நீர்ல கரைச்சி மொத்தத் தீவனத்துக்கும் கலந்து வெச்சிட்டேன். பக்கத்து ஷெட்டுக்காரனுக்கும் சொல்லிட்டேன்."

"சரி மச்சான்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று படுக்கும்போது தேவி கேட்டாள். சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள்.

அவர் விடியற்காலை ஐந்து மணிக்குத் தீவனம் போடுவார். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.