குளிசையும் பெருங்கதையும்

உ

மல்வேர்ன், ஸ்காபரோ
27.12.1997

அன்புள்ள அத்தானுக்கு,

இராசரத்தினம் எழுதுவது. எல்லோரும் நல்ல சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது, பழக்கதோஷம். ஆனால் உங்கள் தங்கச்சி பாலேசு சுகமாக இல்லை. நான் நன்றாகப் பயந்துபோயிருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை ஒழுங்காக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை யூஜினி கொண்டுவருகிறா. எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் இருக்கிறவ, பாலேசுவோடு ஒரே பிஸ்கற் பக்டரியில் வேலை. புதுவருடம் வரைக்கும் பக்டரி பூட்டு, அதோடு ஒரு கிழமை லீவும் எடுத்துக்கொண்டு தாயைப் பார்க்கக் கொழும்புக்கு வருகிறா. தபாலில் போட்டால் பொங்கலுக்குத்தான் உங்கள் கைக்கு வரும். ரெலிபோனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு ரெலிபோன் குசினி வாசலில் இருக்கிறது. நான் நம்பரை அமத்தி முடிக்க முதல் பாலேசு பக்கத்தில் வந்து நின்று, ஆருக்கு எடுக்கிறியள் என்பாள். இப்போதுகூடக் கட்டிடத்தின் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் இருந்துதான் எழுதுகிறேன். மெசினுக்குள் போட்டது இரண்டு துவாய் மாத்திரம்.

இந்த நாட்டில் மார்கழி பிறந்தால் சாப்பாட்டுக்குத்தான் திருவிழா. நான் வேலை செய்கிற விருந்து மண்டபத்தில் இந்த மாதம் முழுக்க ஏதாவதொரு கொம்பனியின் நத்தார் விருந்து, கிறிஸ்மஸ் பார்ட்டி என்பார்கள். ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன் இங்கே கோப்பை கழுவுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. சனங்கள் தொடாமல் விட்டுப்போகிற வான்கோழியையும் கேக்கையும் வாளிக்குள் கொட்டுகிற நேரத்தில்தான் மனம் கேட்பதில்லை. அதனால் கொஞ்சத்தை என் வயிற்றுக்குள் கொட்டிக்கொள்கிறேன். பெல்ற்றில் புது ஓட்டையும் குத்தியாகிவிட்டது.

பாலேசுவுக்குச் சீனி வருத்தம் என்று போன வருடம் எழுதியிருந்தேன். காலையில் ஒரு குளிசை, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. இந்த மாதத் தொடக்கத்தில் டொக்டர் ஒரு தாள் கொடுத்துவிட்டார், பண்டிகைக் காலத்தில் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. எங்கள் மகள் நிலாணி அதை வாசித்துத் தமிழில் சொல்லி, குசினிச் சுவரில் ஒட்டியும் விட்டாள். தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கேக் என்றால் ஒரு சின்னத் துண்டு. ஒரு நேரச் சாப்பாட்டையும் தவறவிடக்கூடாது. குளிரென்று பாராமல் கொஞ்சம் நடக்கவேண்டும், நித்திரை முழிக்கக்கூடாது. எல்லாம் நல்ல புத்திதான். அந்தத் தாளை எழுதின புண்ணியவானுக்குப் பிள்ளையார் பெருங்கதை என்று ஒன்று இருப்பது தெரியாது.

ஓம் அத்தான், இந்த முறை பாலேசு பெருங்கதை விரதம் பிடிக்கிறாள். இருபத்தொரு நாளும் பகலில் பச்சைத்தண்ணீர்கூட இல்லை. பொழுதுபட்டு, பிள்ளையார் கதை படித்து முடித்த பிறகு ஒரு நேரச் சோறு. ஊரில் வீட்டில் இருந்துகொண்டு பிடித்தார்கள். இவள் விடியமுதல் எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போய், நத்தார் ஓவர்டைம் என்று நாள் முழுக்க நின்றபடி வெண்ணெய்ப் பிஸ்கற்றைத் தகரப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு பிடிக்கிறாள். வருத்தக்காரிக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். நிலாணியின் படிப்புக்கு என்றாள். எங்கடை பிள்ளை படிக்கிற படிப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை விரதம் காணும் என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சாப்பாட்டைத்தான் நிறுத்தினாள், காலைக் குளிசையை நிறுத்தவில்லை. தண்ணீர் இல்லாமல் வெறும் வாயில் வைத்து விழுங்கியிருக்கிறாள். மருந்து சாப்பாட்டில் சேர்த்தி இல்லையாம், விரதம் கெடாதாம். டொக்டர் சொன்னதையும் தட்டவில்லை, பிள்ளையாரையும் கைவிடவில்லை. அந்தக் குளிசை இரத்தத்தில் இருக்கிற சீனியைக் குறைக்கிற குளிசை. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் உயிருக்கு வேண்டிய சீனியையும் குறைத்துவிடும். இதை எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் சண்டை பிடித்தேன். விளங்கப்படுத்தியிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்போம்.

போன கிழமை பக்டரியில் நத்தார் மதியச் சாப்பாடு நடந்தது. எல்லோருக்கும் கடதாசி முடி போட்டு, பெரிய தட்டில் சாப்பாடு வைத்தார்களாம். பாலேசு முடியைப் போட்டுக்கொண்டு தட்டை யூஜினியின் பக்கம் தள்ளிவிட்டாள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறபோது ஸ்நோவுக்குள் குந்தியிருக்கிறாள். சப்பாத்து நூல் கட்டுகிறாள் என்று யூஜினி முதலில் நினைத்தாவாம். கிட்டப் போய்ப் பார்த்தால், மூக்கு விறைக்கிற அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. என்ன பாலேஸ்வரி என்று கேட்டதற்கு, சம்பந்தமில்லாமல் கேற்றைப் பூட்டியாச்சோ என்று கேட்டாளாம். யூஜினி அவள் வாய்க்குள் வைத்துவிட்ட டொபியையும் பாலேசு துப்பிவிட்டாள். பிறகு தானாக எழும்பி, தலைச்சுற்று, இவருக்குச் சொல்லிப்போடாதையும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். யூஜினி இரண்டு நாள் பொறுத்துவிட்டு என்னிடம் சொன்னா. நான் வீட்டில் சத்தம் போட்டேன். பாலேசு மோதகத்துக்கு மா அரித்துக்கொண்டு நின்றாள். நானும் சத்தம் போட்டதோடு என் கடமை முடிந்தது என்று வேலைக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை, நத்தாருக்கு முதல்நாள், பக்டரி அரை நாளோடு விட்டது. நான் பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். நிலாணி குசினிக்குள் இருந்து கத்தினாள். போய்ப் பார்த்தால் பாலேசு நிலத்தில் கிடக்கிறாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை எங்கள் மேல் இல்லை. உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது. பிள்ளை ஜூசைக் கொண்டு ஓடிவந்தாள். அந்த நிலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிறாள் இல்லை அத்தான். நினைவு தப்பின ஒருத்திக்கு இன்னும் பொழுதுபடவில்லை என்பது மட்டும் எப்படி நினைவிருக்கிறதோ. நான் சீனிப் பேணிக்குள் விரலைத் தோய்த்து, பல்லை விலக்கி, பல்முரசில் தேய்த்தேன். கடித்துவிட்டாள். விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. கடிக்கட்டும் என்று திரும்பத் திரும்பத் தோய்த்துத் தேய்த்தேன். நிலாணி அம்புலன்சுக்கு அடித்தாள்.

அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் சப்பாத்தும் யூனிபோமுமாக வந்தார்கள். இடுப்பில் இருந்த வோக்கி டோக்கி கரகரவென்று ஏதோ கத்தியது. அந்தச் சத்தத்துக்கு அவள் முழித்தாள். அவர்களின் சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு ஊர்ப் பொலிஸ் என்று நினைத்தாளாக்கும், இரண்டு கையையும் கூப்பினாள். மாத்தையா, பெரியண்ணையை விடுங்கோ, அவர் படிப்பிக்கிற மனுசன், அவருக்கு ஒண்டும் தெரியாது மாத்தையா என்று அழுதாள். அவர்களுக்கு விளங்கவில்லை. நல்ல பிள்ளைகள், சரி அம்மா, சரி அம்மா என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தடவிக்கொண்டு ஊசி போட்டார்கள். நிலாணி என்னைப் பார்த்து, அம்மா என்ன சொல்லுறா அப்பா என்று கேட்டாள். உங்களைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது; பிள்ளைக்கு, பெரியமாமாவைத் தேடுகிறா என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். அந்தக் குளிசை உடம்பில் இருக்கும்வரை சீனி திரும்ப விழுந்துவிடுமாம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்தார்கள். நத்தாரன்று காலை நான் கேட்டேன், அவளும் மறைக்கவில்லை. ஆடி மாதம் கொழும்பில் பொலிஸ் உங்களைப் பிடித்து உள்ளே வைத்திருந்தபோது நேர்ந்ததாம். அண்ணை இந்த வருடத்துக்குள் வெளியில் வந்தால் பெருங்கதை முழுவதும் பகலில் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று. நீங்கள் ஐப்பசியில் வந்துவிட்டீர்கள். அவள் கடனை அடைக்கிறாள். எனக்குச் சொன்னால் மறிப்பேன் என்று பிள்ளையின் படிப்பைச் சொன்னாளாம். மறித்திருப்பேன்தான். பாதியில் விட்டால் அவரைத் திரும்பப் பிடிப்பாங்கள் என்று சொல்லிவிட்டு மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு திரும்பி, வாயில் ஏதும் வைத்தனீங்களோ என்று கேட்டாள். இல்லை, எல்லாம் ஊசியிலும் சேலைனிலும்தான் ஏத்தினது என்றேன். பெரிய ஆறுதல் அவளுக்கு. ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து வைத்த நத்தார்ச் சாப்பாட்டைப் பொழுதுபடும்வரை தொடவில்லை.

டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சாப்பிடாமல் குளிசை போட்டு, அடுத்தமுறை வீட்டில் ஆள் இல்லாத நேரம் விழுந்தால் எழும்பமாட்டா. குளிசை போடாமல் விட்டால் சீனி ஏறிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளிசை, வேறு வழியில்லை. பகலில் அவள் இன்னும் சாப்பிடாதபடியால், நான் குளிசைப் போத்தலை என் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். நேற்றுப் பின்னேரம் ரீவி மங்கலாகத் தெரிகிறது என்றாள். நிலாணிக்குப் பள்ளிக்கூட விடுமுறை. சினேகிதிகள் கூப்பிட்டும் போகாமல், தாய் படுத்திருக்கிற கட்டிலில் புத்தகம் வாசிக்கிறமாதிரி இருந்து தாயின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விரதம் முடிய இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.

அத்தான், இனி எழுதுவதைக் கோபிக்காமல் வாசியுங்கள்.

நத்தாரன்று பின்னேரம், வீட்டுக்கு வெளிக்கிட முதல், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில், கொழும்பில் நீங்கள் தங்கியிருக்கிற லொட்ஜுக்கு எடுத்தேன். உங்கள் வாயாலேயே அவளுக்கு ஒரு சொல் சொல்லவைக்கலாம் என்ற எண்ணம். லொட்ஜ்கார நீக்கிலாப்பிள்ளைதான் எடுத்தார். நத்தாரன்று விடிய இரண்டு பேர் உங்களைத் தேடி வந்தார்களாம். கதைத்துக்கொண்டு கூடப் போனீர்களாம். இன்னும் வரவில்லை என்றார். சினேகிதராக இருக்கும், பண்டிகைக்கு நீர்கொழும்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்றும் சொன்னார். ஓம் ஓம், அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். நேற்று யூஜினி வீட்டில் இருந்து திரும்ப எடுத்தேன். அறை பூட்டியபடிதான் கிடக்கிறது என்றார். பாலேசுவுக்கு இது தெரியாது.

நான் கோயிலுக்குள் போனால் சாமியை விட்டுச் சனத்தைப் பார்க்கிறவன், உங்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே பகல் என்றால் அங்கே இரவு; இங்கே புதன் பின்னேரம் என்றால் அங்கே நத்தார் பிறந்துவிட்டது. நான் அவள் வாய்க்குள் சீனியைத் தேய்த்த நேரத்துக்கும், அந்த இரண்டு பேர் உங்கள் கதவைத் தட்டின நேரத்துக்கும் இடையில் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறேன். மனம் பார்க்கிறது. அவளின் விரதத்தை முறித்தவன் நான், அது அவளுக்குத் தெரியாது. இன்றைக்குப் பகல் கஞ்சி காய்ச்சி, அழுதாலும் ஊட்டிவிடுவது என்று அறை வாசல் மட்டும் கொண்டுபோனேன். அதற்கு அங்காலே கால் வரவில்லை. ஊட்டினால் உங்களுக்கு என்னவோ, ஊட்டாவிட்டால் அவளுக்கு என்னவோ. திருப்பிக் கொண்டுவந்து நானே குடித்தேன். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியாக நிற்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு இந்த ஊரில் பஸ் எடுக்கவும் மனமில்லை அத்தான். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் நீர்கொழும்பில்தான் இருந்திருக்கிறீர்கள், இந்நேரம் திரும்பிவந்து இதை வாசித்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். வாசித்தவுடன் எந்த நேரமென்று பாராமல் வீட்டுக்கு எடுங்கள். கலெக்ற் கோல் என்றாலும் பரவாயில்லை, காசை நான் கட்டுகிறேன். நான் கடிதம் எழுதினதைச் சொல்லவேண்டாம். நான் சுகமாய் இருக்கிறன், நீ நேரத்துக்குச் சாப்பிடு பாலேசு என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அந்த நிமிசமே சாப்பிடுவாள்.

கடிதத்தை உங்கள் கையில் மட்டும்தான் கொடுக்கவேண்டும் என்று யூஜினிக்குச் சொல்லியிருக்கிறேன். அறை பூட்டிக்கிடந்தால் ஒருவரிடமும் விடாமல் என்னிடமே திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தை பத்தாம் திகதி அவவை விமான நிலையத்தில் இருந்து ஏற்றிவரப் போகிறவன் நான்தான். பிள்ளையாரே, அவ வெறுங்கையோடு வந்து இறங்கவேண்டும்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
மைத்துனன்
இராசரத்தினம்